இப்ஸனின் நகரசபை

ஹென்ரிக் இப்ஸனின் நாடகங்களில் நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது ‘பொம்மை வீடு’. அதற்கு அடுத்தபடியாகப் பெயரளவிலாவது தெரிந்தது ‘மக்கள் விரோதி’. 1882-ல் வெளிவந்த இந்த நாடகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தனிமனிதன், கூட்டம், சத்தியம், தியாகம் என்கிற பெரிய வார்த்தைகளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது அவ்வளவு பெரிய விஷயம் அல்ல. இது ஒரு சிறு நகரத்தின் நகரசபையைப் பற்றிய நாடகம். யாரை எந்த வேலையில் வைப்பது, தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா, எதை எந்த இடத்தில் கட்டுவது என்ற மூன்று கேள்விகள்தான் இதில் கதை. எந்த ஊர் நகரசபைக் கூட்டத்திலும் இந்த மூன்றும் வரும். வந்தவுடன் கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். அந்தச் சரக்கை வைத்துக்கொண்டு இப்ஸன் எப்படி ஐந்து அங்கம் எழுதினார், எந்த இடத்தில் கை நழுவ விட்டார் என்று பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

முதல் தடவை நான் இதைப் படித்தது கல்லூரியில் இரண்டாம் ஆண்டில். அதோடு என் கல்லூரிப் படிப்பு நின்றுவிட்டது. நாடகம் மட்டும் மனத்தில் நின்றது. அப்போது நான் டாக்டர் ஸ்டாக்மன் கட்சி. மற்றவர்கள் எல்லோரும் அயோக்கியர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு சென்ற மாதம் மறுபடியும் படித்தேன். டாக்டரிடம் எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் அவருக்கு எதிர்க்கட்சியில் இருக்கிறவர்களில் ஒருவர் இருவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்று பட்டது. அது அவ்வளவு சௌகரியமான அனுபவமாக இல்லை.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நார்வேயின் தென் கரையோரத்தில் ஒரு சிறு நகரம். அங்கே புதிதாக ஒரு ஸ்நானசாலை ஏற்பட்டிருக்கிறது. உடம்பு தேற வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். வீட்டு வாடகை ஏறுகிறது. ஊரே அதை நம்பி இருக்கிறது. ஸ்நானசாலையின் வைத்திய அதிகாரி டாக்டர் தாமஸ் ஸ்டாக்மன். அவருடைய அண்ணா பீட்டர், நகரசபைத் தலைவர். போலீஸ் அதிகாரமும் அவர் கையில்தான். ஸ்நானசாலை நிர்வாகக் குழுவுக்கும் அவரே தலைவர். முந்தின வருஷம் வந்தவர்களில் சிலருக்கு டைபாயிட், வயிற்றுக் காய்ச்சல். டாக்டருக்குச் சந்தேகம். யாரிடமும் சொல்லாமல் தண்ணீரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கச் செய்கிறார். முதல் அங்கத்தில் முடிவு தபாலில் வருகிறது. தண்ணீரில் அழுகிய பொருள்களும் கிருமிகளும் நிறைந்திருக்கின்றன. மேலே பள்ளத்தாக்கில் இருக்கிற தோல் பதனிடும் கிடங்குகளின் கழிவு குழாய்க்குள் இறங்குகிறது. அந்தக் கிடங்குகளில் மிக மோசமானது டாக்டரின் மனைவியை எடுத்து வளர்த்த மார்ட்டன் கீல் என்ற கிழவருடையது.

இங்கே ஒரு சிறு விவரம் இருக்கிறது. படிக்கிறபோது சுலபமாகத் தாண்டிப் போய்விடக் கூடியது. குழாய் போடுகிற சமயத்திலேயே, இன்னும் மேலே கொண்டு போய்த் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நிர்வாகக் குழு கேட்கவில்லை. கீழேயே போட்டுவிட்டார்கள். ஆகவே இது எதிர்பாராமல் நேர்ந்த விபத்தல்ல. எதற்குக் கீழே எதை வைப்பது என்று ஆலோசனை செய்து, யோசனை சொன்னவனை ஒதுக்கிவிட்டு எடுத்த முடிவு. தண்ணீர் கெட்டுவிட்டது என்று ஒப்புக்கொண்டால் அந்த முடிவு தப்பு என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். முடிவு எடுத்தவர் அண்ணா. இரண்டாம் அங்கத்தில் அவர் தம்பியிடம் காட்டுகிற கோபத்தில் பாதி, செலவைப் பற்றியது. மீதிப் பாதி இதைப் பற்றியது. இப்ஸன் இதை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. ஒரு பேச்சில் போகிற போக்கில் வைத்துவிட்டுப் போகிறார். நல்ல ஆசிரியன் செய்கிற காரியம் அது.

இனி உத்தியோக விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாடகத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். டாக்டர் முன்பு வடக்கே ஒரு மூலையில் வறுமையில் கிடந்தவர். அவரை ஊருக்குக் கொண்டு வந்து வேலையில் அமர்த்தியதில் அண்ணாவுக்குப் பங்கு உண்டு. ஏன் உதவி செய்தேன் தெரியுமா என்று அண்ணாவே சொல்லிவிடுகிறார்: உன் பணக் கஷ்டத்தைக் குறைத்தால் உன்னைக் கொஞ்சம் அடக்கி வைக்கலாம் என்று நினைத்தேன் என்கிற அர்த்தத்தில். அதோடு விடவில்லை. சம்பளம் வாங்குகிற அதிகாரிக்கு ஸ்நானசாலை விஷயத்தில் மேலதிகாரிகளுக்கு மாறான சொந்த அபிப்பிராயம் இருக்க உரிமை இல்லை என்கிறார். கேட்கக் கொடுமையாக இருக்கிறது. ஆனால் அவர் கற்பனை செய்து சொல்லவில்லை; ஏற்பாடே அப்படித்தான் இருக்கிறது. தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டியவன் யாருக்குக் கீழே வேலை பார்க்கிறான்? தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் லாபம் அடைகிறவர்களுக்குக் கீழே. இதை டாக்டர் நாடகம் முடிகிற வரைக்கும் கவனிக்கவே இல்லை. அண்ணா பொல்லாதவர், ஜனங்கள் முட்டாள்கள் என்று கண்டுபிடிக்கிறார். தம்முடைய நியமன உத்தரவில் கோளாறு இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை.

பத்திரிகை ஆபீஸில் பில்லிங் என்று ஒருவன் இருக்கிறான், உதவி ஆசிரியன். அதிகாரத்தில் இருப்பவர்களை அவன் திட்டுகிற திட்டைக் கேட்டால் நாளைக்கே புரட்சி வந்துவிடும் போல இருக்கும். மூன்றாம் அங்கத்தில் அச்சுக்கூடக்காரர் அஸ்லாக்ஸன், இவன் நகரசபையில் காரியதரிசி வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான் என்று போட்டு உடைக்கிறார். பில்லிங் அசடு வழிந்துகொண்டு, கிடைக்காது என்று தெரிந்துதான் போட்டேன், அவர்களைச் சீண்டுவதற்காகப் போட்டேன் என்கிறான். முதல் தடவை படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அஸ்லாக்ஸன் இந்த நாடகத்தின் மிகப் பெரிய சிருஷ்டி. வீட்டுச் சொந்தக்காரர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். மதுவிலக்குச் சங்கத்திலும் அவருக்குச் செல்வாக்கு. எதிலும் மிதமாக இருக்க வேண்டும் என்பது அவர் மந்திரம். அவரைக் கோழை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். தலைநகரில் இருக்கிற அரசாங்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாக்கி எழுதலாம், அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை, அவர்கள் அசையப் போவதில்லை; உள்ளூர் அதிகாரிகள் விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும் என்கிறார். உலகத்து அநியாயங்களையெல்லாம் கண்டித்து எழுதிவிட்டு, தன் தெருச் சாக்கடையைப் பற்றி ஒரு வரி எழுதாத எழுத்தாளர் எந்த மொழியிலும் உண்டு. இப்ஸன் 1882-லேயே எங்கள் எல்லோரையும் சேர்த்துப் படம் பிடித்து வைத்துவிட்டார்.

இந்த அஸ்லாக்ஸன் முதலில் டாக்டர் கட்சியில்தான் இருக்கிறார். பெரும்பான்மையைத் திரட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். நகரசபைத் தலைவர் வந்து கணக்குச் சொன்னவுடன் கட்சி மாறுகிறார். குழாயைப் பெயர்த்து மாற்ற லட்சக்கணக்கில் பணம் வேண்டும். இரண்டு வருஷம் ஸ்நானசாலையை மூட வேண்டும். ஸ்நானசாலைப் பங்குதாரர்கள் பணம் கொடுக்க மாட்டார்கள், நகரசபை கடன் வாங்கி வரி போட வேண்டும். வரி யார் தலையில்? வீட்டுச் சொந்தக்காரர் தலையில். இந்த இடத்தில் என் கல்லூரி நாளைய கோபத்தை நான் கைவிட வேண்டியிருக்கிறது. யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி அயோக்கியத்தனமான கேள்வி அல்ல. ஒரு நகரசபை கேட்டே ஆக வேண்டிய கேள்வி. தோல் கிடங்கு முதலாளியிடம் வாங்குவதா, லாபம் எடுத்த பங்குதாரர்களிடம் வாங்குவதா, சின்ன வீடு வைத்திருப்பவனிடம் வாங்குவதா? டாக்டர் இதற்குப் பதில் சொல்வதில்லை. அவருக்கு இதில் அக்கறையே இல்லை. என் நோக்கத்தில் குறை இதில்தான் இருக்கிறது. குறை டாக்டருடையது மட்டும் அல்ல, இப்ஸனுடையதும்தான்.

நாலாம் அங்கத்தில் அந்தக் குறை முற்றிவிடுகிறது. பத்திரிகை அச்சடிக்க மறுத்துவிடுகிறது. ஊரில் கூடம் தர ஆள் இல்லை. ஹார்ஸ்டர் என்ற கப்பல் காப்டன் தன் வீட்டைத் தருகிறான். கூட்டத்துக்கு அஸ்லாக்ஸனையே தலைவராக்கி, தண்ணீரைப் பற்றி டாக்டர் பேசக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிடுகிறார்கள். அந்த அநியாயம் மிகவும் பிரமாதமாக எழுதப்பட்டிருக்கிறது. கூட்ட ஒழுங்கு என்ற பெயரிலேயே ஒருவன் வாயை எப்படி அடைக்கலாம் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் டாக்டர் என்ன செய்கிறார்? தண்ணீரை விட்டுவிடுகிறார். பெரும்பான்மை எப்போதும் தப்பு, அறிவாளிச் சிறுபான்மைதான் சரி என்று பிரசங்கம் செய்கிறார். நாய்களில் உயர்ந்த ஜாதி, தாழ்ந்த ஜாதி என்று மனிதர்களுக்கு உவமை சொல்கிறார். கூட்டம் அவரை மக்கள் விரோதி என்று வாக்கெடுத்துத் தீர்மானிக்கிறது. எதிர்த்து வாக்களித்தவன் ஒருவன். அவனும் குடிபோதையில் இருக்கிறான்.

கை தட்டத் தூண்டுகிற காட்சிதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் இரண்டு வேறு விஷயங்கள் இங்கே குழம்பிவிட்டன என்று தெரியும். தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்பதைக் கை தூக்கித் தீர்மானிக்க முடியாது. அது பல்கலைக்கழகப் பரிசோதனைக் கூடத்தின் வேலை. குழாயை எங்கே போடுவது, யார் பணத்தில் போடுவது என்பதைக் கை தூக்காமல் தீர்மானிக்க முடியாது. அது நகரசபையின் வேலை. அண்ணா முதலாவதையும் வாக்குக்கு விடப் பார்க்கிறார். தம்பி இரண்டாவதையும் வாக்கிலிருந்து பிடுங்கப் பார்க்கிறார். இருவரும் தப்பு. அண்ணாவின் தப்பு உயிரைக் கொல்லும் என்பதால் நம் அனுதாபம் தம்பி பக்கம் போகிறது. அதனால் தம்பியின் தப்பு இல்லாமல் போய்விடாது.

இன்னொன்றும் இருக்கிறது. டாக்டர் திட்டுகிற அந்தப் பெரும்பான்மை யார்? இந்த நாடகம் எழுதப்பட்ட காலத்தில் நார்வேயில் சொத்தும் அந்தஸ்தும் உள்ள ஆண்களுக்குத்தான் பாராளுமன்ற வாக்குரிமை. ஆண்கள் எல்லோருக்கும் என்று வந்தது 1898-ல். பெண்களுக்கும் என்று ஆனது 1913-ல். டாக்டரின் மகள் பெட்ரா, பள்ளிக்கூட ஆசிரியை, நாடகத்திலேயே தெளிவான தலை உடையவள். அப்பாவுக்காக வேலையையும் இழக்கிறாள். வாக்காளர் பட்டியலில் அவள் இல்லை. கிடங்கில் தோல் அலசுகிற கூலிக்காரன் இல்லை. அந்தத் தண்ணீரில் குளித்துக் காய்ச்சலில் விழுந்த நோயாளி ஒருவன்கூட மேடைக்கு வரவே இல்லை. ஐந்து அங்கமும் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார்கள். அதில் குளித்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரும்பான்மை என்று டாக்டர் சொல்வது வீட்டுச் சொந்தக்காரர் சங்கத்தைத்தான். அதுவே ஒரு சிறுபான்மை என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் வீணாக வாதம் செய்வதாக நினைக்கிறவர்களுக்கு ஹாம்பர்க் நகரத்தின் கதையைச் சொல்லலாம். நாடகம் வெளிவந்து சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 1892 ஆகஸ்டில், ஜெர்மனியின் அந்தப் பெரிய துறைமுக நகரத்தில் காலரா வந்தது. எல்ப் நதித் தண்ணீரை வடிகட்டாமல் அப்படியே குழாயில் விட்டுக்கொண்டிருந்தார்கள். மணல் வடிகட்டி அமைக்க வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக இருந்தது. செலவை யார் ஏற்பது என்ற தகராறில் தள்ளிக்கொண்டே போயிற்று. அந்த நகரத்துச் சபையில் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு இருந்த பலத்தை அஸ்லாக்ஸன் கண்டால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். வாக்குரிமை உள்ளவர்கள் ஊரில் ஒரு சிறு பகுதிதான். நோய் வந்த பிறகும், வியாபாரம் கெடும் என்று அறிவிப்பதில் நாள் கடத்தினார்கள். எட்டாயிரத்து அறுநூறு பேர் வரையில் இறந்தார்கள். ஒட்டினாற்போல் இருந்த ஆல்டோனா நகரம் அதே நதியில், இன்னும் கீழே, ஹாம்பர்க்கின் கழிவும் கலந்த பிறகுதான் தண்ணீர் எடுத்தது. ஆனால் மணலில் வடிகட்டிக் கொடுத்தது. அங்கே சாவு மிகக் குறைவு. இரண்டு நகரங்களும் சந்திக்கிற தெருவில் ஒரு பக்கத்து வீடுகளில் காலரா, எதிர்ப்பக்கத்தில் இல்லை. வடிகட்டி அடுத்த வருஷமே முடிந்துவிட்டது.

ஹாம்பர்க்கில் நின்று பார்த்தால் டாக்டர் ஸ்டாக்மனின் பிரசங்கம் தலைகீழாகப் போய்விடுகிறது. அங்கே தண்ணீரை வடிகட்டாமல் வைத்திருந்தது பெரும்பான்மை அல்ல. கணக்குப் பார்த்த சிறுபான்மை. செத்தவர்களில் அதிகம் பேர் துறைமுகத்து ஏழைகள். அவர்களை யாரும் கேட்கவே இல்லை.

பிற்காலத்தில் இந்த நாடகத்தைத் தொட்ட பெரிய கலைஞர்களுக்கும் நாலாம் அங்கம் நெருடியிருக்கிறது. ஆர்தர் மில்லர் 1950-ல் நியூயார்க்கில் இதைத் தழுவி மேடையேற்றியபோது, அந்த உயர்ந்த ஜாதிப் பேச்சைக் குறைத்துவிட்டார். சத்யஜித் ராய் 1989-ல் ‘கணசத்ரு’ என்று வங்காளியில் படமாக எடுத்தார். அதில் ஸ்நானசாலை கோயிலாகவும், ஸ்நான ஜலம் தீர்த்தமாகவும் மாறுகின்றன. தம்பி நகரசபைத் தலைவர். கடைசியில் இளைஞர்கள் கூட்டமாக டாக்டருக்கு ஆதரவாக வருகிறார்கள். இப்ஸனின் டாக்டர் தனியாக நிற்பதையே பெரிய பலமாகக் கருதி முடிக்கிறார். ராய் அவரைத் தனியாக விட மறுக்கிறார். படமாக அது ராயின் சிறந்த படம் அல்ல. ஆனால் இந்த ஒரு திருத்தம் சரியான திருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது பில்லிங் விஷயம். சில ஆண்டுகளுக்கு முன் நான் குடியிருந்த ஒரு ஊரில் தெருக் குழாயில் சாக்கடை நாற்றம் வந்தது. தெருவார் நாலைந்து பேர் என்னிடம் வந்து, “ஸார், நீங்கள் எழுதுகிறவர். ஒரு மனு எழுதிக் கொடுங்கள்” என்றார்கள். எழுதினேன். நன்றாகவே எழுதினேன். முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும் என்று பேனாவை நீட்டினார்கள். என் தங்கை புருஷர் அந்த ஊர் நகராட்சியில் தற்காலிகமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நிரந்தரமாக்குகிற காகிதம் யார் மேஜையிலோ இருந்தது. “நான் வாடகைக்கு இருப்பவன், சொந்த வீட்டுக்காரர்கள் போடுவதுதான் மரியாதை” என்று சொன்னேன். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். மனுவில் நாற்பது பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். என் கையெழுத்து இல்லை. என்னை யாரும் மிரட்டவில்லை. ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. தங்கை புருஷருக்குக்கூட இது தெரியாது. நானே நினைத்துக்கொண்டு நானே ஒதுங்கினேன்.

அந்த வருஷம் நான் எழுதிய கதைகளில் இரண்டில் தைரியசாலியான கதாநாயகர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே ‘மக்கள் விரோதி’யின் பெருமை டாக்டரின் பிரசங்கத்தில் இல்லை என்று இன்று நினைக்கிறேன். முதல் மூன்று அங்கங்களில் இருக்கிறது. ஒரு ஊரில் ஒவ்வொருவனும் ஒரு சின்ன வேலையாலோ, ஒரு பங்குப் பத்திரத்தாலோ, ஒரு வாடகை வீட்டாலோ இன்னொருவனோடு கட்டப்பட்டிருக்கிறான். டாக்டர் கட்டப்பட்டிருக்கிறார், பெட்ரா வேலையை இழப்பதும், காப்டன் கப்பலை இழப்பதும், வீட்டுக்காரர் டாக்டரைக் காலி செய்யச் சொல்வதும் அந்தக் கட்டுகளின் வழியாகத்தான். கடைசி அங்கத்தில் மார்ட்டன் கீல், மகளுக்கென்று வைத்திருந்த பணத்தைப் போட்டு ஸ்நானசாலைப் பங்குகளை வாங்கி வந்து மாப்பிள்ளை முன் வைக்கிறார். தண்ணீர் கெட்டது என்று சொன்னால் உன் மனைவி குழந்தைகளின் சொத்துப் போச்சு என்பது அதற்கு அர்த்தம். ஒரு நிமிஷம் டாக்டரே தடுமாறுகிறார். தண்ணீரின் கெடுதலைப் போக்க விஞ்ஞானத்தில் ஏதாவது வழி இருக்காதா என்று நினைக்கிறார். பிறகுதான் முடியாது என்று மூன்று தடவை எழுதி அனுப்புகிறார். அந்த ஒரு நிமிஷத் தடுமாற்றம், நாலாம் அங்கத்துப் பிரசங்கம் முழுவதையும்விட எனக்கு உயர்வாகப் படுகிறது.

தண்ணீரைச் சோதிக்கிறவன் சம்பளத்துக்குத் தண்ணீர் விற்கிறவனை எதிர்பார்க்காமல் இருக்க வேண்டும். குழாய் போடுகிற சபையில் அந்தக் குழாயில் குடிக்கிறவன் உட்கார வேண்டும். இந்த இரண்டும் இல்லாத ஊரில் உண்மையைச் சொல்ல ஒரு வீரன் தேவைப்படுகிறான். வீரன் தேவைப்படாத ஊரைப் பற்றி நாடகம் எழுத முடியாதுதான். ஆனால் குடியிருக்க அதுதான் நல்ல ஊர்.